போடியில் ஒரு சாட்சி

அந்தப் பையை மேல போட்டுட்டு உக்காருங்கம்மா. ஜன்னல் ஓரம் நீங்களே இருந்துக்கங்க, எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா தலை வலிக்கும். நீங்க எதுவரைக்கும்? தேனியா. நான் போடி. சொந்த ஊரெல்லாம் இல்ல, ஆபீஸ் வேலை. ஒரே ஒரு கார்டு, அதைக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்.

சிரிங்க, பரவால்ல. ஒத்தைக் கார்டைக் குடுக்க மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறுறவளைப் பார்த்தா யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே அசதியாத்தான் இருக்கு. காலையில எந்திரிச்சப்பவே மறுபடி படுத்துக்கலாமான்னு இருந்துச்சு. ஆனா வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல. கார்டு போய்ச் சேருதா இல்லையான்னு யாராவது பாக்கணும்ல. மெஷின் பாக்காது. மெஷினுக்கு அனுப்பத்தான் தெரியும்.

உங்க வீட்டுக்கு நகைக்கடையிலேருந்து தபால்ல கார்டு வருமா? உங்க பேரைப் போட்டு, அட்சய திருதியைக்குக் குடும்பத்தோட வாங்கன்னு? வரும்ல. அதைப் படிச்சுட்டு, அடடா, கடைக்காரர் நம்மளை ஞாபகம் வச்சிருக்காரேன்னு நினைச்சிருப்பீங்க. அவருக்கு உங்களை எங்க தெரியும்? அதெல்லாம் எங்க ஆபீஸ் வேலை. நகைக்கடை, ஜவுளிக்கடை, கண் ஆஸ்பத்திரி, பிரசவ ஆஸ்பத்திரி, ஸ்கூட்டர் ஷோரூம், எல்லாருக்கும் நாங்கதான் அச்சடிச்சு, பேர் போட்டு, மடிச்சு, தபால்ல சேக்கிறது. யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கல்யாண நாள், யாரு போன ஆடியில புடவை எடுத்துட்டு இந்த ஆடிக்கு வரலை, எல்லாம் சாப்ட்வேர்ல இருக்கும். லிஸ்ட் செக்‌ஷன் என் பொறுப்பு. புஷ்பலதான்னு சொன்னா பெரிய தபாலாபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

இந்தத் தொழில்ல ஒரு சங்கடம் இருக்கும்மா. மூட்டையைக் கட்டித் தபாலாபீஸ்ல போட்டதோட அது நம்ம கண்ணை விட்டுப் போயிரும். போய்ச் சேந்துச்சா, எப்ப சேந்துச்சு, நனைஞ்சுச்சா, கிழிஞ்சுச்சா, நமக்கு யாரு சொல்லுவா? வாங்கினவங்க போன் பண்ணி உங்க விளம்பரம் வந்துச்சுங்க, ரொம்ப சந்தோசம்னு சொல்லவா போறாங்க? அதுக்குத்தான் எங்க சீதாபதி சார், அவருதான் முதலாளி, கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல ஒரு வழி வச்சாரு. ஸ்டாஃப் ஆளாளுக்கு வெளியூர்ல ஒரு அட்ரஸ் குடுங்க, தெரிஞ்சவங்க சொந்தக்காரங்க யாராவது. எந்தக் கடைக் கார்டு போனாலும் அந்த அட்ரஸுக்கும் ஒண்ணு போகும். கைக்கு வந்ததும் அவங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி வந்துருச்சுன்னு சொல்லணும். சாட்சி அட்ரஸ்னு நாங்க பேரு வச்சிருந்தோம். ஒருத்தர் பரமக்குடி குடுத்தாரு, ஒருத்தர் சாத்தூர் குடுத்தாரு. நான் போடி குடுத்தேன்.

போடியில யாருன்னா, எங்க வீட்டுக்காரரு.

இருங்க, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நாங்க சேந்து இல்ல. ரொம்ப வருஷமாச்சு. கோர்ட்டு கேஸெல்லாம் கிடையாது, அதுக்கெல்லாம் யாருக்குத் தெம்பு இருக்கு. அவங்க அம்மாவுக்கு முடியலைன்னு போடிக்குப் போனாரு. போன இடத்துல ஏலக்காய்க் கடையில வேலை கிடைச்சுச்சு. நீயும் இங்க வந்துருன்னாரு. வேலையை விட்டுட்டு வந்து உங்கம்மாகிட்டப் பேச்சு வாங்கவான்னு கேட்டேன். அவரு மறுபடி கூப்பிடலை. நானும் போகலை. அப்படியே நின்னு போச்சு. சண்டைன்னு சொல்லக்கூட ஒண்ணும் இல்லம்மா. சண்டைன்னா நாலு பேரு வந்து சமாதானம் பண்ணியிருப்பாங்க. பிள்ளைன்னு ஒண்ணு இருந்திருந்தா அதுக்காகவாவது... அது வேற கதை, விடுங்க.

சார் அட்ரஸ் கேட்டப்ப மதுரைக்கு வெளியில எனக்கு மனசுல வந்தது அது ஒண்ணுதான். அதனால குடுத்தேன், வேற ஒரு காரணமும் இல்ல. எங்க தங்கச்சிகிட்ட இதைச் சொன்னா ஒரு மாதிரி சிரிப்பா. இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? தொழில் வேற, குடும்பம் வேற. நான் ரெண்டையும் என்னிக்கும் கலந்ததில்ல.

அவரு அந்த வேலையை ஒழுங்காச் செஞ்சாரு, அதைச் சொல்லியே ஆகணும். மத்த சாட்சியெல்லாம் கொஞ்ச நாள்ல அலுத்துப் போயிட்டாங்க. பரமக்குடிக்காரர் நாம கூப்பிட்டுக் கேட்டாத்தான் சொல்லுவாரு. சாத்தூர்க்காரங்க வாட்ஸ்அப்புல ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு முடிச்சுக்குவாங்க. இவரு அப்படி இல்ல. கார்டு வந்த அன்னிக்கே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, ஆபீஸ் லேண்ட்லைனுக்குப் பேசுவாரு. என் செல்லுக்கு இல்ல, ஆபீஸ் நம்பருக்கு. அதான் முறை. அந்த நேரத்துல எல்லாரும் சாப்பிட மாடிக்குப் போயிருவாங்க. எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது, போன் இருக்கிற மேஜையிலேயே சாப்பிட்டுக்குவேன். மத்தபடி வீட்ல நாலு மாடி ஏறித் துணி காயப்போடுறேன், அது வேற.

"வந்துருச்சு"ம்பாரு. நான் "சரி"ம்பேன். கவர் எப்படி இருக்குன்னு கேப்பேன். கேக்கணும்ல, அதுக்குத்தானே சாட்சி. ஓரம் நனைஞ்சிருக்குன்னு சொன்னா போடியில மழைன்னு தெரிஞ்சுக்குவேன். தபால்காரர் தெருமுனைக் கடையில குடுத்துட்டுப் போயிட்டாருன்னா, பகல்ல வீடு பூட்டித்தான் கிடக்குன்னு தெரிஞ்சுக்குவேன். ஒரு தடவை பேரு மங்கலா இருக்குன்னு சொன்னாரு. உடனே அச்சு மெஷினைக் கழட்டித் துடைச்சுப் பாத்தோம், ஒரு கோளாறும் இல்ல. அடுத்த கார்டுக்கு, "கண்ணாடி போட்டுட்டேன், இப்ப நல்லாத் தெரியுது"ன்னாரு. அப்படி விவரமா இருக்கும் அவரு சொல்றது.

ஜவுளிக்கடைக் கார்டெல்லாம் அவருக்குப் போகும்ல, அதுல ஒண்ணு பட்டுப்புடவைக்கு. திரு. கனகவேல் அவர்களுக்கு, உங்களுக்காகவே நெய்த பட்டு காத்திருக்கிறதுன்னு. அதை அப்படியே போன்ல வாசிச்சுக் காட்டிட்டு, எந்தக் கலர் எடுக்கட்டும்னு கேட்டாரு. கார்டு வந்துச்சான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்ங்க எங்களுக்குன்னு சொல்லிட்டேன். வேலை நேரத்துல என்ன விளையாட்டு.

மாமியார் தவறினப்ப நான் போனேன். போகாம இருக்க முடியுமா? ஊர்ப் பொம்பளைங்களோட ஓரமா உக்காந்துட்டு, எடுத்ததும் பஸ் ஏறிட்டேன். அங்க அவரு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கண் ஆஸ்பத்திரிக் கார்டு போச்சு. மத்தியானம் போன் வந்துச்சு. "வந்துருச்சு"ன்னாரு. சரின்னேன். அவரு போனை வைக்கலை. அப்புறம் "சாப்பிட்டியா"ன்னாரு. நான் கவர் கிழியாம வந்துச்சான்னு கேட்டேன்.

செக்கானூரணி தாண்டிட்டோமா? பேசிக்கிட்டே வந்தா தெரியலை.

மெஷின் கதைக்கு வரேன். எங்க சாப்ட்வேரைப் பாத்துக்கிறது ஆஃப்ரின்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, குத்தம் சொல்லக்கூடாது. ப்ரோகிராம் எழுத உதவி பண்ற ஏஐ ஒண்ணு இருக்காம், அதை வச்சிருந்தா. அவ இது வேணும்னு சொல்லுவா, அது எழுதிக் குடுக்கும். அது அவ மேஜையோட இருந்தவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஒரு நாள் அதைக் கொண்டுவந்து எங்க மெயிலிங் சாப்ட்வேரோட இணைச்சுட்டா. இனிமே அதுவே லிஸ்டைத் திறந்து பாக்கும், வாசகம் எழுதும், பேரு கோக்கும், அச்சுக்கு அனுப்பும், தபாலுக்கு நாள் குறிக்கும். நாம தமிழ்ல அடிச்சாப் போதும். திண்டுக்கல்ல போன வருஷம் கண் பரிசோதனை பண்ணினவங்களை மறுபடி வரச் சொல்லி ஒரு கார்டுன்னு அடிச்சா, டீ ஆறுறதுக்குள்ள எல்லாம் தயாரா நிக்கும். நாங்க மூணு பேரு ஒரு வாரம் உக்காந்து பண்ணின வேலை.

சீதாபதி சாருக்குச் சந்தோசம் தாங்கலை. கூடவே ஒரு பயமும் இருந்துச்சு. தப்பா அடிச்சுத் தபால்ல போட்டுட்டா திரும்ப வாங்க முடியாதுல்ல. கம்ப்யூட்டர்ல இருக்கிறதை அழிச்சிரலாம், தபால்காரர் பையில இருக்கிறதை என்ன பண்றது? அதனால ஆஃப்ரின் ஒரு கட்டுப்பாடு வச்சா. எதைச் செய்யுறதுக்கு முன்னாடியும் அது ஒரு ஆளைக் கேக்கணும், அந்த ஆள் சரின்னாத்தான் செய்யணும். அந்த ஆளு நான்தான். நீங்க படிச்சுப் பாத்துட்டு சரின்னு அடிங்கக்கா, அவ்வளவுதான் வேலைன்னா.

அவ்வளவுதானாம். காலையில போயி உக்காந்தா சாயந்திரம் வரைக்கும் கேள்விம்மா. இந்த வாசகத்துல இந்த வரி இருக்கட்டுமா. இந்தத் தெருப் பேரு ரெண்டு விதமா இருக்கு, எது சரி. ஒரே பெண்ணுக்கு வருஷா வருஷம் பிரசவப் பரிசோதனைக் கார்டு போகுது, நிறுத்தவா. அது நல்ல கேள்விதான், இல்லைன்னு சொல்லலை. எங்க யாருக்கும் அது தோணலை. ஆனா நல்ல கேள்வியா இருந்தாலும் பதில் சொல்றவளுக்கு அலுப்பு வரும்ல. முன்னெல்லாம் வேலை செஞ்சு அசதி வரும். இப்ப சரி சரின்னு சொல்லியே அசதி வருது. ராத்திரி தூக்கத்துல சரின்னு சொல்றேன்னு தங்கச்சி சொல்றா.

கடைசியா அவரு போன் பண்ணினது, அந்த மெஷின் வந்த புதுசுல. ஸ்கூட்டர் ஷோரூம் கார்டு. "வந்துருச்சு"ன்னு சொல்றதுக்குள்ள இருமல். விடாம இருமினாரு. தூசியான்னு கேட்டேன். இல்ல, ரொம்ப நாளா இருக்கு, தேனியில பெரிய டாக்டரைப் பாக்கச் சொல்லியிருக்காங்கன்னாரு. ஏலக்காய் மூட்டைக்குள்ளயே கிடந்தா இருமல் வராம என்ன செய்யும். நான் கவர்ல பசை சரியா ஒட்டியிருந்துச்சான்னு கேட்டேன். ஒட்டியிருந்துச்சுன்னாரு. வச்சிட்டாரு.

வேற என்ன கேக்கிறதும்மா? அது ஆபீஸ் போனு.

அதுக்கு அடுத்த வாரம் சார் சொன்னாரு, தீபாவளி சீசனுக்கு முன்னாடி எல்லா லிஸ்டையும் சுத்தம் பண்ணிரலாம்னு. வாங்காதவங்களுக்கு அனுப்பி அனுப்பித் தபால் செலவு ஏறுதாம். மெஷின்கிட்டச் சொன்னோம். அது ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு, நான் ஒண்ணொண்ணாச் சரி போட்டேன். சாரும் ஆஃப்ரினும் என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கிறாங்க. அப்பதான் இது வந்துச்சு. எழுத்தெழுத்தா இப்பவும் கண்ணுல நிக்குது.

"சில முகவரிகள் எல்லாக் கடைகளின் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் இவர்கள் எந்தக் கடையிலும் எதுவும் வாங்கியதில்லை. சோதனைக்காகச் சேர்த்தவையாக இருக்கலாம். யாருக்காவது இவை தேவைப்பட்டால் அப்படியே விட்டுவிடுகிறேன். வைக்கட்டுமா, நீக்கட்டுமா?"

கீழ பேரெல்லாம் வரிசையா இருக்கு. ஆஃப்ரின் குனிஞ்சு சத்தமா வாசிக்கிறா. பரமக்குடி, சாத்தூர், அப்புறம் கனகவேல், போடிநாயக்கனூர். "யாருக்கா இந்தக் கனகவேலு, இத்தனை வருஷமா ஒரு கர்சீப்புகூட வாங்காதவரு"ன்னு சிரிக்கிறா. அவ மேல தப்பில்ல, அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான் சொன்னதில்ல. சாரு, அட அது பழைய சாட்சி அட்ரஸ்மா, இப்பத்தான் மூட்டைக்கு மூட்டை தபாலாபீஸ்ல பார்கோடு வச்சுப் போய்ச் சேந்ததைச் சொல்லிர்றானே, இனி அதெல்லாம் எதுக்குன்னாரு. சொல்லிட்டு என்னைப் பாக்கிறாரு. வேணுமாம்மா உங்களுக்குன்னு கேட்டாரு.

நான் என்ன சொல்ல? வேணும்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. "வேணாம் சார், எடுத்துரலாம்"னேன்.

அதோட விட்டிருந்தா பரவால்ல. அது மறுபடி கேக்குது. இனி வரும் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் நீக்கவா, உறுதிதானான்னு. ரெண்டு பேரும் பின்னாடி நிக்கிறாங்க. சரின்னு அடிச்சேன். அடிச்சது நான்தான், இல்லைங்கலை. ஆனா அது அப்படியா கேக்கிறது? ஒரு பொம்பளையைத் தனியாக் கேட்டிருக்கலாம்ல. இவ கை ஏன் தயங்குதுன்னு தெரிய வேணாமா? அவ்வளவு கேள்வி கேக்கத் தெரிஞ்சதுக்கு அது தெரியலையே. அதனாலதான் சொல்றேன், எல்லாம் அந்த மெஷின் பண்ணின வேலை.

அப்புறம் போன் வரலை.

மொதல்ல ஒண்ணும் தோணலை. வேலை அந்த மாதிரி. ஆடித் தள்ளுபடிக் கார்டு போச்சு, மத்தியானம் போன் அடிக்கலை. ஸ்கூட்டர் கார்டு மறுபடி போச்சு, அடிக்கலை. எல்லாரும் மாடிக்குப் போயிட்டா அந்த அறையில ஃபேன் சத்தம் மட்டும்தான் இருக்கும்மா. தயிர்சாதத்தைத் திறந்து வச்சுட்டு போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாள் அடிச்சுச்சு. சட்டுனு எடுத்தேன். கடன் வேணுமான்னு ஒருத்தி கேக்கிறா.

கார்டு வராம அவரு எதுக்குக் கூப்பிடுவாரு? வரலைன்னு சொல்லக் கூப்பிடலாம்னு நீங்க சொல்லுவீங்க. நாங்க அனுப்பினோமா இல்லையான்னே அவருக்குத் தெரியாதே, வரலைன்னு எப்படித் தெரியும்? அவரு வேலையில அவரு மேல ஒரு தப்பும் இல்ல.

நானா? நான் எதுக்குக் கூப்பிடணும்? நான் என்னிக்குமே கூப்பிட்டதில்ல. அவருதான் கூப்பிடணும், நான் குறிச்சுக்கணும். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடிச்சு. திடீர்னு நான் கூப்பிட்டு என்னன்னு சொல்றது?

அந்த இருமல்தாம்மா. அது மட்டும் இல்லைன்னா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஒரு மத்தியானம் எல்லாரும் மேல போனதும் மெஷின்கிட்டயே கேட்டுப் பாத்தேன். போடி அட்ரஸைத் திரும்பச் சேத்துருன்னு அடிச்சேன். சேத்துர்றேன்னு சொல்லுச்சு, மரியாதையாத்தான் சொல்லுச்சு. ஆனா ஆஃப்ரின் ஒரு குறிப்பேடு மாதிரி ஒண்ணு வச்சிருக்கா, யாரு எதை மாத்தினாலும் காரணத்தோட அதுல பதியும், எல்லாரும் பாக்கலாம். அதுக்காகக் கேக்குது. "காரணம் என்னவென்று எழுதட்டும்? விருப்பமில்லாவிட்டால் காலியாகவும் விடலாம்."

காலியா விட்டா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? காரணம் இல்லாம ஒருத்தருக்கு எதுக்குக் கார்டு போகுதுன்னு கேக்க மாட்டாங்களா? சரி, ஏதாவது எழுதுவோம்னு யோசிச்சேன். தபால் சோதனைன்னு எழுதலாம், சாருதான் சோதனை வேணாம்னுட்டாரே. பழைய வாடிக்கையாளர்னு எழுதலாம், அவரு ஒரு கர்சீப்புகூட வாங்கலை. வேற என்ன எழுதுறது? அந்தக் கட்டத்துல கோடு மின்னிக்கிட்டே இருக்கு. அதுவும் அவசரப்படுத்தலை, சும்மா காத்துக்கிட்டு இருக்கு. மேலேருந்து எல்லாரும் இறங்கி வர்ற சத்தம் கேட்டுச்சு. வேணாம், விட்டுருன்னு அடிச்சுட்டு மூடிட்டேன். சாதம் அப்படியே இருந்துச்சு.

மலை வந்துருச்சு பாருங்க. இந்தக் கணவாய்ல ஏறும்போதுதான் அவருக்கு எப்பவும் தூக்கம் வரும். கல்யாணமாகி முதல் தடவை போடிக்குப் போனப்ப என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டே வந்தாரு. ஊரெல்லாம் பாக்கிறாங்கன்னு எனக்கு வெக்கம். எழுப்பவும் மனசில்ல.

இதோ, இதுதான் அந்தக் கார்டு. ஜவுளிக்கடையோட தீபாவளிக் கார்டு. அச்சு ஓடும்போது ஒண்ணு கூடுதலா எடுத்தேன், பேரை நானே ஒட்டினேன். தபால்தலையும் ஒட்டியிருக்கேன், பாருங்க. ஆபீஸ்ல கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு லீவு சொல்லிட்டேன்.

தபால்தலை ஒட்டினவ தபால்லயே போட்டிருக்கலாமேன்னு கேக்கிறீங்க. நியாயமான கேள்விதான். போட்டா போயிரும். ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்கப்புறம் மத்தியானம் போன் அடிக்கணும்ல. அடிக்கலைன்னா? கார்டு போய்ச் சேந்தும் போன் அடிக்கலைன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறதும்மா? இப்பவாவது கார்டு போகலை, அதனால கூப்பிடலைன்னு மனசுக்குச் சொல்லிக்கலாம். அதனாலதான் போட பயம். பெட்டி வரைக்கும் கொண்டுபோயிட்டு ரெண்டு தடவை திரும்பி வந்துட்டேன். நேர்ல கொண்டுபோயி, வீடு பூட்டியிருந்தா கதவிடுக்குல சொருகிட்டு, தெருமுனைக் கடையில நிலவரம் என்னன்னு விசாரிச்சுட்டு வந்துரலாம்னு கிளம்பிட்டேன். டெலிவரியைச் சரிபாத்த மாதிரியும் ஆச்சு.

ஆண்டிபட்டி தாண்டிட்டா தேனி பக்கம்தான். நீங்க இறங்கிருவீங்க.

ஏம்மா, ஒரு உதவி கேக்கட்டுமா? உங்க போன்லேருந்து ஒரு நம்பருக்குப் போடுறீங்களா? என் போன்ல சார்ஜ் இருக்கு, காசும் இருக்கு, அது இல்ல. என் நம்பரைப் பார்த்துட்டு எடுக்கலைன்னா எனக்குத் தாங்காது. உங்க நம்பர்னா யாரோன்னு எடுப்பாரு. இந்தாங்க, சொல்றேன், அடிச்சுக்கங்க. எழுதி வைக்கலை, மனப்பாடம்தான். இத்தனை வருஷமா லேண்ட்லைன்ல அந்த நம்பரு விழுந்துட்டே இருந்தா மனப்பாடம் ஆகாதா.

மதுரை ஆபீஸ்லேருந்து பேசுறோம், கார்டு வந்துச்சான்னு கேளுங்க. அவ்வளவு போதும். வரலைன்னுதான் சொல்லுவாரு, அனுப்பினாத்தானே வரும். அது எனக்குத் தெரியும். குரல் வருதான்னு தெரியணும், அதுக்குத்தான். உடம்பைப் பத்தியெல்லாம் கேக்காதீங்க. கேட்டாலும் தப்பில்ல, கவர் எப்படி இருக்குன்னு கேக்கிற மாதிரி கேளுங்க. ஸ்பீக்கர்ல போடாதீங்க, பஸ்ல எல்லாருக்கும் கேக்கும். எனக்குக் கேக்க வேணாம். நீங்க கேட்டு அப்புறம் சொல்லுங்க.

ரிங் போகுதா?

எடுத்துட்டாரா. பேசுங்க, பேசுங்க.

வச்சுட்டாரா? என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்கம்மா, ஒரு வார்த்தை விடாம.

"இன்னும் வரலைங்க"ன்னாரா. சரி. அப்புறம்? "தபால்காரர்கிட்டயும் கடைக்காரர்கிட்டயும் தினம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." தினம்னா சொன்னாரு? தினம்னே சொன்னாரா? "வந்தாத்தானேங்க போன் பண்ண முடியும்." ஆமா. ஆமா, அவருக்கு வேற வழி இல்ல. நான்தான் சொன்னேன்ல, அவரு மேல தப்பில்லைன்னு. இருமினாரா? இருமினாரு. நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாரா. டாக்டரைப் பாத்தாராமா? "தனியாப் போக அலுப்பா இருக்கு, போகலை"ன்னாரா. அதானே பாத்தேன். அலுப்பாம். எனக்கு மட்டும் அலுப்பு இல்லையா?

வேற ஏதோ கேட்டாரே, நீங்க "இருக்காங்க"ன்னு சொன்னீங்களே, யாரைக் கேட்டாரு?

"லிஸ்ட் செக்‌ஷன்ல ஒரு அம்மா இருப்பாங்களே, அவங்க வேலையில இருக்காங்களா, நல்லா இருக்காங்களா"ன்னு கேட்டாரா.

நீங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காங்கன்னு சொல்லிடலையே? நல்லவேளை. இல்ல, சொல்லியிருந்தாலும் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்கம்மா. காலையிலயும் ஒழுங்காச் சாப்பிடலை.

தேனி வந்துருச்சு. பையை எடுத்துக்கங்க, மறந்துராதீங்க. பெரிய டாக்டரு எந்தப் பக்கம் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா? சரி, அதை அங்க போயி விசாரிச்சுக்கிறேன். போடியிலேருந்து கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேக்க நினைச்சேன், அதுவும் இப்ப வேணாம்.

கதவிடுக்குல சொருகுறதெல்லாம் இனி சரிப்படாதும்மா. கையிலதான் குடுக்கணும். கையில குடுத்துட்டு, அங்கேயே வாசல்ல நின்னு, வந்துச்சான்னு கேக்கணும்.